புதுக்கலப்பையின் முகவரி

வாசகர்கள் கடிதம் எழுதவே மாட்டார்கள். எழுதினாலும் தபால்காரர் தாமதமாக வருகிறார் என்று எழுதுவார்கள், இல்லையென்றால் சர்ச் மணி சத்தமாக அடிக்கிறது என்று எழுதுவார்கள். பத்திரிகை ஆசிரியர்கள் எல்லோருக்கும் இது தெரியும், வெளியே சொல்ல மாட்டோம். நீங்கள் பத்திரிகையில் வேலை பார்த்ததில்லை போலிருக்கிறது, அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். டேப் ஓடுகிறதா? நல்லது.

எஸ்ரா ஃபோர்ட்டைன் விஷயமாகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவர் மகள் உங்கள் உண்மை விசாரணைக் குழுவிடம் மனு கொடுத்திருக்கிறாள். எண்பதாம் வருஷம் தன் அப்பாவைச் சிறைக்கு அனுப்பிய அந்தக் கடிதத்தை அவர் எழுதவில்லை, எழுதியது யார் என்று லோரன்ஸ் ஸ்டீன்காம்ப்புக்கு, அதாவது எனக்கு, தெரியும் என்று அதில் இருக்கிறது. நியாயமான கேள்வி. பதினேழு வருஷமாக யாரும் என்னிடம் ஒழுங்காகக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு எழுபத்தொன்பது வயசு. முட்டிதான் போய்விட்டது, ஞாபகம் அப்படியே இருக்கிறது. குறுக்கே பேசாமல் கேட்டால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஸ்டெர்க்வாட்டரில் 'ஆற்றுத்தூதன்' வாரம் மூன்று முறை வந்தது. ஆளும் கட்சிக்காரர்கள் நடத்திய பத்திரிகை, ஆஃப்ரிகானர்கள் என்கிற எங்கள் வெள்ளைக்கார ஜனங்களின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில். தலைவர்கள் சொன்னதைப் போடுவோம், அவர்கள் சொல்ல மறந்ததையும் சேர்த்துப் போடுவோம். நான் ஆசிரியராகி உட்கார்ந்தபோது எனக்கு ஒரே மனக்குறைதான். எங்கள் ஜனங்கள் எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை போதகருக்கு ஆட்டின தலையைத் திங்கட்கிழமை என் தலையங்கத்துக்கும் ஆட்டினார்கள். நான் படித்தவன், எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு இனம் என்றால் அதற்குள் நாலு கருத்து இருக்க வேண்டாமா? சரி, இல்லையென்றால் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

பழைய துப்பாக்கியைத்தான் முதலில் பெற்றேன். அது புனைபெயர். கோபக்காரக் கிழவர். பூங்காவில் ஒரு பெஞ்சை மற்ற நிறத்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு நாட்டையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதுவார். அவருக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே, அதற்காகப் புதுக்கலப்பை வந்தார். நிதானமானவர், காலம் மாறுகிறது, மண்ணைத் திரும்ப உழுதுதான் ஆக வேண்டும் என்பார். இரண்டு பேரும் முட்டிக்கொள்ளும்போது நடுவில் புகுந்து விலக்கிவிட ஐந்து பிள்ளைகளின் தாய். மூன்று பேரும் என் மேஜையில், ஒரே டைப்ரைட்டரில், வியாழக்கிழமை காலைக் காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் பிறந்தவர்கள்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. இறைச்சிக் கடையில் துப்பாக்கிக் கட்சி, பாங்கில் கலப்பைக் கட்சி. ஐந்து பிள்ளைகளின் தாய்க்கு யாரோ பட்டைத்தூள் தூவிய பால்கேக் செய்து அனுப்பினார்கள். என் ஆபீசைக் கவனித்துக்கொண்ட ஹெஸ்டர், "யாரு சார் இந்தம்மா? ஒரு நாளாவது வந்து வாங்கிட்டுப் போகக்கூடாதா?" என்று கேட்டாள். "கூச்ச சுபாவம்மா" என்றேன். கேக்கை நாங்களே சாப்பிட்டோம். குருமான் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர், மனைவியை இழந்தவர், அந்தத் தாயைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஆறு பக்கம் எழுதினார். ஐந்து பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாகவே பார்த்துக்கொள்வாராம். மனசு நோகாமல் நானே மறுத்துப் பதில் எழுதினேன். ரொம்ப நல்ல மனுஷன், அதற்கும் ஒரு ஆட்டுத்தொடை அனுப்பிவைத்தார்.

கட்சிச் செயலாளர் ஃபோன் போட்டார். "அந்தப் பழைய துப்பாக்கி யாருய்யா? அடுத்த தேர்தல்ல நிறுத்தலாம்னு பேசிக்கிறோம்."

"அவருக்கு மூட்டுவலிங்க, மேடை ஏற முடியாது" என்று சமாளித்தேன்.

இன்னொரு பக்கம், ஜோஹன்னஸ்பர்க் ஆங்கிலப் பத்திரிகைகள் புதுக்கலப்பையை எடுத்துப் போட ஆரம்பித்தன. ஆஃப்ரிகானர்களுக்குள்ளேயே மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுதினார்கள். ஹாலந்தில் ஒரு பல்கலைக்கழகம் என்னைப் பேசக் கூப்பிட்டது. எங்கள் சமூகத்தின் உள்விவாதம் என்று தலைப்பு. நாற்பது நிமிஷம் மூன்று பேரின் சிந்தனைப் போக்கை அலசினேன். மூன்று பேரும் நான்தான் என்பதை மறைத்ததைத் தவிர அந்த உரையில் ஒரு பொய்யும் கிடையாது. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஒரு சின்ன விதியையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அதுதான் எல்லாவற்றையும் ஆட்டிவைத்தது. கடிதப் பக்கத்தின் அடியில் ஒவ்வொரு இதழிலும் இரண்டு வரி போடுவோம். புனைபெயரில் எழுதலாம், ஆனால் உண்மைப் பெயரும் முகவரியும் ஆசிரியரிடம் இருக்க வேண்டும். எங்கள் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் இருந்த வழக்கம்தான். மொட்டைக் கடிதம் போடுகிறவன் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

இப்போது எஸ்ராவுக்கு வருகிறேன்.

அவர் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், கலப்பினத்தாருக்கு என்று சட்டம் ஒதுக்கிய பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். பேசுவது எங்கள் மொழிதான், எங்களில் பாதிப் பேரைவிட நன்றாகவே பேசுவார். எழுபத்துநாலில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸ் பின்வாசலுக்கு வந்தார். முன்வாசல் வழியாக வரக்கூடாது, அது நான் போட்ட விதியில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், முதல் நாளிலிருந்தே நான் அவரை 'நீங்க' என்றுதான் பேசினேன். எங்கள் ஊரில் அது சாதாரண விஷயமில்லை.

கோடு போட்ட பள்ளிக்கூடத் தாளில் ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்துக் கிழித்த கணக்குப் புத்தகங்கள்தான் அவர் பள்ளிக்கு வருமாம். இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் பதினாறு மரம் நடுகிறார், இருபத்தெட்டாம் பக்கம் கிடையாது, ஆறு வருஷமாக அந்த மரங்கள் என்ன ஆயின என்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"அருமையா இருக்கு வாத்தியாரே. நம்ம கலப்பினத்தார் இணைப்புல போட்டுடலாம்."

"அதுல வேணாங்க ஐயா. ஃபுட்பாலுக்கும் சாவுச் செய்திக்கும் நடுவுல போடுவீங்க. அதைப் படிக்கிறவங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். தெரியாதவங்க படிக்கிற பக்கத்துல போடுங்க. கீழ என் பேரு இருக்கட்டும்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பெயரோடு போட்டால் அது விவாதம் ஆகாது, புகார் ஆகிவிடும். எங்கள் ஆள் சொன்னால்தான் விவாதம். ஆகவே அதைப் புதுக்கலப்பையிடம் கொடுத்தேன். பெரிதாக ஒன்றும் மாற்றவில்லை. 'எங்கள் பிள்ளைகள்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'அவர்கள் பிள்ளைகள்' என்று போட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"இந்தப் புதுக்கலப்பை நல்லா எழுதறாருங்க ஐயா" என்றார். "எங்கயோ பாத்த முகம் மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் வந்தார்னா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

மனுஷனுக்கு அப்படி ஒரு நக்கல். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். மூன்று மாசத்தில் கல்வி இலாகாவிலிருந்து அந்தப் பள்ளிக்கு நூற்றிநாற்பது புதுப் புத்தகம் வந்தது. எல்லாப் பக்கங்களோடும். இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள், நான் நல்லதே செய்யவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு அவர் பெயரைப் பற்றிப் பேசவில்லை. மாசத்துக்கு ஒரு முறை கடிதம் கொண்டுவருவார், ஹெஸ்டர் பின்வாசல் படியில் அவருக்குக் காபியும் ரஸ்க்கும் கொடுப்பாள், நான் கடிதத்தைப் பீரோவில் ஒரு ஃபைலில் வைப்பேன். ஆறு வருஷம் இப்படி ஓடியது. வகுப்பில் புதுக்கலப்பையின் கடிதங்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவாராம், கட்டுரை என்றால் இப்படி எழுத வேண்டும் என்று. பாவம், அவருக்கு வேறு எப்படித்தான் பெருமைப்பட முடியும்?

எண்பதாம் வருஷம் கலப்பினத்தார் பள்ளிகளில் பிள்ளைகள் வகுப்பைப் புறக்கணித்தார்கள், உங்களுக்குத் தெரியும். மே மாதம் எஸ்ரா கொண்டுவந்த கடிதம் சப்பென்று இருந்தது. பிள்ளைகளே, வகுப்புக்குத் திரும்பி வாருங்கள், பெற்றோரே, பொறுங்கள், இலாகாவே, கூரையைச் சரிசெய்து கொடு. இப்படித்தான் இருந்தது. ஒரு பொறி கிடையாது. அந்த வாரம் பார்த்து ஹாலந்துக்காரர்கள் நாலு பேர் ஊருக்கு வருகிறார்கள், புதுக்கலப்பை இந்தப் புறக்கணிப்பைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்க. அவர்கள் முன்னால் கூரையைப் பற்றியா பேச முடியும்? அந்தத் தாளை ஃபைலில் வைத்துவிட்டு நானே உட்கார்ந்து எழுதினேன். 'என் மகன் அந்தப் பள்ளியில் படிக்க வேண்டியிருந்தால் நானே போய் அதன் கேட்டைப் பூட்டுவேன். சாவியை ஆற்றில் எறிவேன். பிறகு வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் முறையாக, என் மகனின் முகத்தை நேராகப் பார்ப்பேன்.' செவ்வாயன்று வந்தது. ஹாலந்துக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பேட்டையில் பிள்ளைகள் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை ஆற்றில் எறிந்தார்கள். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீரே இல்லை, சாவி மணலில் எல்லோருக்கும் தெரியும்படி கிடந்தது. ஆனாலும் அதை எடுக்கப் போன போலீஸ்காரர்கள் மேல் கல் விழுந்தது, ஒருவருக்கு ஒரு கண் போய்விட்டது.

மறுநாள் போலீஸ் கேப்டன் க்ரோப்ளர் வந்தார், அரசியல் வழக்குகளைப் பார்க்கிறவர். என் பக்கத்து ஊர்ப் பையன், அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான் சர்ச்சில் இருந்தேன். தானே வேட்டையாடிக் காயவைத்த மான்கறி ஒரு பை கொண்டுவந்திருந்தான். கத்தியால் சீவி எனக்கு ஒரு துண்டு கொடுத்தான்.

"லோரன்ஸ் மாமா, உங்க விதிப்படி பேரும் முகவரியும் உங்ககிட்ட இருக்கும்ல. அந்தப் புதுக்கலப்பை யாரு?"

"எதுக்குப்பா?"

"பயப்படாதீங்க. நம்மாளா இருந்தா என்ன பண்ணிடப் போறோம்? ஒரு காபி வாங்கிக் குடுத்து, பெரியவரே, கொஞ்சம் பாத்து எழுதுங்கன்னு சொல்லிட்டு விட்டுடுவோம். மேல பதில் சொல்லணும், அதான்."

இதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய தண்டனை ஒரு காபி. நான் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு ரஸ்க்கைத் தின்று முடிக்கும் நேரம் யோசித்தேன். பையன் சிரித்திருப்பான். அப்போ அந்தத் துப்பாக்கி என்று கேட்டிருப்பான். அதுவும் நானா? ஐந்து பிள்ளைகளின் தாய்? சாயங்காலத்துக்குள் இறைச்சிக் கடையில் சிரித்திருப்பார்கள். குருமான் பண்ணைக்காரர் காதுக்கும் போயிருக்கும். ஹாலந்தில் என்ன நினைப்பார்கள்? பத்து வருஷ விவாதம் ஒரே நாளில் கேலிக்கூத்தாகியிருக்கும். எங்கள் சமூகத்தில் அது ஒன்றுதான் இருந்தது, அதை நான் காப்பாற்ற வேண்டாமா?

ஆகவே ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தேன். அவன் காபிக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த தாளை, அதுதான் வகுப்புக்குத் திரும்பி வாருங்கள் என்று சொன்னதை, எடுத்து என் இழுப்பறையில் போட்டுக்கொண்டேன். அது இருந்தால் பையன் குழம்பிப்போவான்.

அரை மணி நேரம் மென்றுகொண்டே படித்தான். பத்திரிகையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான். வரிக்கு வரி பொருந்தியது, பொருந்தாமல் என்ன செய்யும்?

"மாமா, இது ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்து வாத்தியான் எழுத்துல்ல?"

நான் வாயைத் திறக்கவில்லை. தனக்கு எழுதுகிறவர்களின் பெயரை ஆசிரியர் சொல்லக் கூடாது. அது தொழில் தர்மம், அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

ஜூன் மாதம், கலவரத்தைத் தூண்டினார் என்று எஸ்ராவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்து அவர் மகள் மெர்சியா வந்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். யூனிஃபார்மோடு பின்வாசலில் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மத்ததெல்லாம் அவர் எழுதினதுதானாம், ஐயா. அதைக் கோர்ட்டுலயும் ஒத்துக்குறேங்கறார். ஆனா பூட்டு, சாவி எழுதினது அவரில்ல. அது உங்களுக்குத் தெரியும்னு சொல்லச் சொன்னார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பாக்கலாம்மா. வக்கீலைக் கேட்டுட்டு சொல்றேன்."

"வக்கீலை எதுக்குங்கையா கேக்கணும்? உள்ளதைச் சொல்றதுக்கு?"

கெட்டிக்காரப் பெண். அப்பாவின் வாய் அப்படியே இருந்தது. அந்த வாரம் நீதிமன்றங்களின் நடுநிலையைப் பற்றிக் கொஞ்சம் துணிச்சலாகவே ஒரு தலையங்கம் எழுதினேன். அவள் படித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. கோர்ட்டுக்குப் போக வேண்டாம், வாயைத் திறக்க வேண்டாம், எஸ்ரா உள்ளே இருக்கும்போது புதுக்கலப்பை பெயரில் இன்னொரு கடிதம் வந்திருந்தாலே வழக்கு உடைந்திருக்கும். அவர் வக்கீலும் அதைத்தான் எதிர்பார்த்தார், ஒவ்வொரு இதழையும் வாங்கிப் பார்த்தாராம். ஆனால் நீங்களே சொல்லுங்கள், வராத கடிதத்தை வந்தது என்று ஒரு ஆசிரியர் போட முடியுமா? புதுக்கலப்பை எழுதவில்லை. பழைய துப்பாக்கி, 'கலப்பை துருப்பிடித்துவிட்டதா?' என்று கேட்டு எழுதினார். ஐந்து பிள்ளைகளின் தாய், பிரிந்துபோனவருக்காக ஜெபிப்போம் என்று நாலு வரி எழுதினாள். அதைப் படித்துவிட்டு ஹெஸ்டர் அழுதாள். பின்வாசல் படியில் கோப்பை வைப்பதை அவள் அதற்கப்புறமும் கொஞ்ச நாள் நிறுத்தவில்லை.

வழக்கு நவம்பரில் நடந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பத்திரிகையாளர்களுக்கு என்று ஒதுக்கின இடம். எஸ்ரா நன்றாக இளைத்திருந்தார். வகுப்பில் கடிதங்களை வாசித்துக் காட்டினார் என்று இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். மற்றதெல்லாம் என் எழுத்து, இது மட்டும் இல்லை என்று எஸ்ரா சொன்னார். எழுபது கடிதத்தை ஒத்துக்கொள்கிற ஆள் எழுபத்தோராவதை ஏன் மறுக்கிறார் என்று நீதிபதி கேட்டார். எஸ்ரா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை எழுந்திருக்கட்டும் என்று வாத்தியார் காத்திருப்பாரே, அப்படிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் குறிப்பேட்டில் தேதி எழுதினேன்.

ஐந்து வருஷம் கொடுத்தார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் சிறையிலேயே நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். சாவுச் செய்தியை இணைப்பில் போட்டோம், பெயரோடு.

அந்தக் கடிதத்தை எழுதியது நான். அதில் ஒரு வரிகூட அவருடையது இல்லை, ஒரு வார்த்தைகூட இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு இப்போது தயக்கம் ஒன்றும் இல்லை. நான் எழுதினதிலேயே நல்ல கடிதம் அது, இவ்வளவு வருஷமாக இன்னொருவர் கணக்கில் இருக்கிறது. எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன்.

நான் கல்நெஞ்சுக்காரன் என்று மெர்சியா நினைத்தால் அது தவறு. அன்றைக்குக் கோர்ட்டில் எனக்கும் மனசு பொறுக்காமல் போனது. அரசு வக்கீல் என் கடிதத்தை உரக்கப் படித்தார். கேட், பூட்டு, சாவி, ஆறு, எல்லாவற்றையும் மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி ஒரே மூச்சில் ஒப்பித்தார். மகனின் முகத்தைப் பார்க்கிற அந்த இடத்தில் இருமிவிட்டு அப்படியே தாண்டிப் போய்விட்டார், ஹாலில் ஒருவர்கூட அந்த வரியைக் கேட்கவில்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஸ்ராவின் முகம் மலர்ந்தது, இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஐயா, அதை அப்படிப் படிக்கக் கூடாது என்று சொல்லத்தான் எழுந்தேன். பிறகு, எதற்கு வம்பு என்று உட்கார்ந்துவிட்டேன்.